சிவப்பு என்று போட்ட கட்டங்கள்

அன்பு மகன் மகாராஜனுக்கு, சேரன்மகாதேவியிலிருந்து அம்மா மாரித்தாய் சொல்லச் சொல்லத் தங்கச்சி முத்துராணி எழுதுவது. உள்ளதை உள்ளபடி எழுதுவேன், எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள். இங்கே நாங்கள் நலம் என்று எழுதவா என்று கேட்டேன். இருக்கோம்னு எழுது, போதும் என்றாள்.

உன் போன் நம்பர் மாறிப்போனதால் புனேயில் நீ வேலை பார்க்கும் கடை விலாசத்துக்கே அனுப்புகிறோம். மாசியில் அப்பா தவறிப்போனதையும் அந்தக் கடைக்குத்தான் நம் தெரு சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி போன் போட்டுச் சொன்னார், நீ வரவில்லை. அதை எழுத வேண்டாம் என்றாள் அம்மா. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் ஒரு வரி எழுதிவிட்டேன்.

வருகிற மாசியில் அப்பாவுக்கு ஒரு வருஷம், மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பம் வெள்ளத்தோடு போனது உனக்கே தெரியும். ரேஷன் கார்டில் இருப்பது விரல்நகம் அளவு, பெரிதாக்கினால் கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. மிச்சம் இருப்பது போன வருஷம் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு அப்பா காளி வேஷம் கட்டியபோது நீ எடுத்து, பிச்சை எடுக்கிற சாமி என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாயே, அந்தப் படம் மட்டும்தான். அதில் முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் முழுக்கச் சிவப்புச் சாயம். நீ எழுதியதை அப்பாவும் படித்தார், மறுநாள் நீ ரயில் ஏறிவிட்டாய். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் வீடு வீடாகக் காணிக்கை வாங்குவதாக நேர்ந்துகொண்டிருந்தார் என்று அம்மா இப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தையல் வகுப்பில் கிராஸ் ஸ்டிச் கற்றவள், நம் தலையணை உறைக் கிளிகள் எல்லாம் அவள் போட்டவைதான். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் அப்பாவையே தைத்துவிடலாம் என்றாள், கட்டம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் பள்ளி வேணி டீச்சர் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே கிராஃப் தாளை வைத்து நகலெடுத்தேன். கட்டத்துக்குள் நிறத்தின் முதல் எழுத்தைப் போட வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான், இரண்டு விழுந்தால் எது அதிகமோ அது. ஒற்றையாகச் சிதறிக் கிடக்கும் நிறங்களைப் பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிட்டால் தைக்கிறவருக்குத் தெளிவாக இருக்கும் என்று நூலகப் புத்தகத்தில் இருந்தது, அப்படியே செய்தேன். கிரீடத்தையும் நாக்கையும் விட்டுவிட்டுச் சேலையை வெள்ளைச் சட்டையாக்கினேன். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கட்டத்துக்குள் இருப்பது 'சி' என்ற எழுத்துதானே, ஓரத்து நூல் பட்டியலில் 'சி' என்றால் சிவப்பு என்பதை அடித்துவிட்டு மாநிறம் என்று எழுதினால் சாயம் போய் அப்பா வந்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம், பீடி சுற்றி முடித்த கையோடு டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து தைத்தாள். போன வெள்ளிக்கிழமை முடிந்தது. பக்கத்து வீட்டு டார்லின் அக்கா எட்டிப் பார்த்து, "யாரு மதினி இது, எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளு மாதிரில்லா இருக்காவ" என்றாள். நான் சிரித்துவிட்டேன், அம்மா சிரிக்கவில்லை. வேஷத்துக்கு வரைந்த புருவம் வளைந்தபடி நின்றது, சாயம் சுருக்கத்தை மூடியிருந்ததால் கன்னம் பொம்மைக் கன்னமாக இருந்தது. இடது புருவத்துக்கு மேலே அப்பாவுக்கு இருந்த அரிவாள் தழும்பு படத்தில் லேசாகத் தெரிந்தது, ஒற்றைக் கட்டம் என்று அதை நான்தான் அழித்தேன். அம்மா அந்தப் புருவத்தை விரலால் தடவிப் பார்த்து, "சாமியவும் அழிச்சிட்டோம், அவுகளும் வரல" என்றாள்.

நேற்று அதைவிட மோசமாக ஒன்று சொன்னாள். அப்பா முகத்தை நினைத்தால் இப்போது துணியில் இருக்கிற இந்த ஆள்தான் முன்னால் வருகிறானாம். மூன்று மாதமாக ஒவ்வொரு தையலாக அவனையே பார்த்திருக்கிறாளே. இன்று காலையிலிருந்து முகத்தை மட்டும் பிரித்துக்கொண்டிருக்கிறாள். சட்டையும் கழுத்தும் இருக்கின்றன, அதற்கு மேலே ஊசித் துளைகள்தான்.

அண்ணா, இது நான் கேட்பது. சாயம் தடவுவதற்கு முன்னால், அப்பா முகம் கழுவிக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தபோதும் நீ ஒரு படம் எடுத்தாய். "ஏலே, பொறு, இன்னும் போடலைலா" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது உன் போனில் இருக்கிறதா? இதைப் படித்துக் காட்டியதும், அவன் எப்பவோ அழிச்சிருப்பான், கேட்டு அவன் மனசை நோகடிக்காதே, அந்த வரியை அடி என்றாள் அம்மா. நான் அடிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம், மழையில் நனையக் கூடாதாம். முத்தாரம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்கிறாள். எங்கள் நம்பர் உறையின் பின்புறம் இருக்கிறது. பேசப் பிடிக்காவிட்டால் படத்தை மட்டுமாவது அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. மாரித்தாய்

பி.கு.: கையெழுத்துப் போட்டதும், தைக்கிறதுக்கு இனி என்ன இருக்கு என்று அம்மா டியூப் லைட்டை அணைத்துவிட்டாள்.