ஜிப் கோப்பின் கடவுச்சொல்

நம் மகளின் அப்பாவுக்கு,

அவளுடைய புகைப்படங்களையெல்லாம் வீட்டுக் கணினியில் ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, எங்களை விட்டு சோஃபியா நகரத்துக்குப் போனீர்களே, அது திறந்துவிட்டது!

நாயின் பெயர், கார் எண், நீங்கள் தேடிப் போன அந்தப் பெண்ணின் பெயர்கூடப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு யோர்தாங்காதான் சிரித்தாள்: “அடி அசடே, அந்த மனுஷனுக்குத் தன்னைவிட யாரைப் பிடிக்கும்? அவர் பேரையே போட்டுப் பாருடி!”

போட்டேன். படங்கள் மளமளவென்று கொட்டின. பள்ளி நிறைவு விருந்தில் அவை சுவரில் ஓட, மகள் போட்ட ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு பிரதி இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. நானே சுருக்கி, நானே பூட்டியது. கடவுச்சொல் என் பெயருக்குரிய புனிதரின் திருநாள் இல்லை. அது எல்லாக் காலண்டரிலும் இருக்கும். என் பிறந்தநாள். மகளைக் கேட்காமல் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கணினியைத் தொடாதே என்று நீங்கள் சொன்னவள்