சின்ன மைதானத்தில் ஒரு சலவை அறை

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

என் அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நாற்பது வருடம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்தவனுக்கு, கோடு போட்ட தாளில் ஓர் எழுத்தை நேராக உட்காரவைக்க முடியவில்லை. இந்த மூன்று வரிக்கே அரை மணி நேரம் ஆயிற்று. பேனாவைப் பிடித்த விரல் மரத்துப்போய்விட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இரண்டு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், சந்தோஷத்தில்.

உன்னை எப்படி அழைத்து எழுதுவது என்று எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற மாலை வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். "வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார். "இந்தா" என்றுதான் கூப்பிடுவேன் என்றேன். வகுப்பே சிரித்தது. கடிதத்தில் அப்படி எழுதக்கூடாதாம். அதனால்தான் மேலே அவ்வளவு மரியாதை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கிளப், நகராட்சி ஸ்டேடியத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சின்ன மைதானம் கட்டுவதா வேண்டாமா என்று நேற்று ஓட்டெடுப்பு நடந்தது. அதில் நீ ஜெர்சி துவைக்கிற சலவை அறை காணாமல் போக இருந்தது. நேற்று ராத்திரி போனில் "என்ன விசேஷம்?" என்று நீ கேட்டபோது "ஒண்ணுமில்ல" என்று சொன்னேன் அல்லவா? பொய். வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டேன். போனில் நீ "சாப்பிட்டீங்களா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், பேத்திப் பாப்பா அழுவாள், மகள் போனை வாங்கி வைத்துவிடுவாள். இதை அப்படிச் சொல்ல முடியாது. என் முதல் கடிதத்துக்கு இதைவிடப் பெரிய சேதி எங்கே போய்த் தேடுவேன்?

நீ மகள் ஊருக்குப் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. போன மாதம் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. கடைசி ஐந்து நிமிடத்தில் நம் பையன் அடித்த பந்து வலையைக் குலுக்கியது. மூவாயிரம் பேரும் எழுந்து குதித்தோம். முடிதிருத்துகிற ஹாரன் இருக்கிறானே, அவன் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். என் சட்டைத் தோள் நனைந்துவிட்டது. ஒரு முழு நிமிடம் கொண்டாடிய பிறகு பார்த்தால், நம் கோல்கீப்பரே மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி "இல்ல, இல்ல" என்கிறான். பந்து வலைக்கு வெளிப்பக்கம் பட்டிருக்கிறது. நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் எட்டு வரிசை. அதற்கு அப்பால் நாங்கள். அங்கிருந்து பார்த்தால் வலைக்கு உள்ளே எது, வெளியே எது என்று யாருக்குத் தெரியும்? எதிரணிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றைக்குக் கிளம்பியதுதான் இந்தப் பேச்சு. நாற்பதாயிரம் பேர் உட்காருகிற இடத்தில் மூவாயிரம் பேர் உட்கார்ந்து எத்தனை காலம் கத்துவது? நாம் கத்துவது நமக்கே திரும்பி வந்து சேருவதற்குள் ஆட்டம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. சாவியும் நம்மிடம் இல்லை. பாட்டுக் கச்சேரி என்றால் நம்மை வெளியே தள்ளிவிடுகிறார்கள். போன மாதம் ஓர் ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் போட்ட கோட்டின் மேல் மேடை போட்டுவிட்டார்கள்.

பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் கிளப்புக்கு நிலம் இருக்கிறது, உனக்குத் தெரியும். அங்கே ஆறாயிரம் பேருக்கு ஒரு மைதானம். முதல் வரிசையிலிருந்து எட்டிக் கை நீட்டினால் கார்னர் கொடியைத் தொடலாமாம். நான் கேட்டதும் சரி என்றுவிட்டேன். ஹாரன்தான் முறுக்கிக்கொண்டான். "சின்ன இடத்துக்குப் போனா சின்ன டீம்னுதாண்ணே சொல்லுவானுங்க" என்றான். "பெரிய சட்டையை மாட்டிக்கிட்டா ஆள் பெரியவனாயிடுவானாடா?" என்று கேட்டேன். எனக்குப் பாதி முடி வெட்டியிருந்தவன், மீதியை இரண்டு நாள் வெட்ட மாட்டேன் என்றுவிட்டான். ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாமல் இருந்தேன். டீச்சர் கூடக் கேட்டார்.

திங்கட்கிழமை

நேற்று கை ஓய்ந்துவிட்டது. இன்று தொடர்கிறேன்.

நம் கிளப்பில் வாக்குச் சீட்டு கிடையாது என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டும் என்பவர்கள் வடக்குக் கோல் போஸ்டுக்கு நடக்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் தெற்குக் கோல் போஸ்டுக்கு. முடிவு செய்யாதவர்கள் நடு வட்டத்தில் நிற்கலாம். சனிக்கிழமை காலையில் அந்த வட்டத்தை நானே புதுச் சுண்ணாம்பில் போட்டேன். அதில் நானே போய் நிற்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஓட்டுக்கு முன்னால் புது மைதானத்தின் வரைபடத்தை வீரர்கள் வெளியே வருகிற வழியில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கட்டடப் பொறியாளர் ஒரு அம்மா. சின்ன வயசுதான், குரல் மட்டும் நடுவர் விசில் மாதிரி. எல்லோரும் வந்தார்கள், எத்தனை இருக்கை என்று பார்த்தார்கள், போனார்கள். எனக்கு அப்படி ஓரக்கண்ணால் படிக்க வராதே. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். பின்னால் நின்றவர்கள் "பெரியவரே, இன்னைக்குள்ள முடியுமா?" என்று கிண்டல் செய்தார்கள். நான் நகரவில்லை. வீரர்கள் அறை. எதிரணி அறை. நடுவர் அறை. மருத்துவர் அறை. பந்து வைக்கும் அறை. சிறப்பு விருந்தினர் அறை. கழிப்பறை, அது நான்கு. டிக்கெட் அறை. எழுத்துக் கூட்டி முழுசையும் முடித்தேன். ஒரு சுவரில் இருந்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. மனசுக்குள் விசில் அடித்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. சலவை அறை இல்லை.

திரும்ப முதலிலிருந்து படித்தேன். ஒருவேளை அந்த வார்த்தை எனக்கு இன்னும் படிக்க வரவில்லையோ என்று நினைத்தேன். இல்லை. அந்த அறையே இல்லை. அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடந்தது. நான் நடு வட்டத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. வடக்கே போகவும் முடியவில்லை, தெற்கே போக மனசும் இல்லை. சுற்றிப் பார்த்தால் வட்டத்தில் நான் ஒருவன்தான். தலைவர் மைக்கில், "என்ன பெரியவரே, கோடு போட்ட ஆளுக்கே வழி தெரியலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருந்தாலும் கத்தினேன்: "துணி துவைக்கிற ரூம் எங்கய்யா?"

பொறியாளர் அம்மா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். நடந்தது என்ன தெரியுமா? புது மைதானத்தில் என்னென்ன அறை வேண்டும் என்று எழுத, அவர் நம் ஸ்டேடியத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று நடந்திருக்கிறார். எந்தெந்தக் கதவில் பெயர்ப் பலகை இருந்ததோ அதையெல்லாம் எழுதிக்கொண்டார். உன் கதவில் பலகையே கிடையாது. சோப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் யாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று நாம் யாரும் மாட்டவில்லை. முப்பத்தொரு வருடமாகத் தினம் அந்தக் கதவைத் தாண்டிப் போகிற மனுஷன், எழுத மறந்துவிட்டார். பாவம், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

உடனே தெற்குப் பக்கத்திலிருந்து ஹாரன் ஆரம்பித்துவிட்டான். "பாத்தீங்களா! ஜெர்சி துவைக்கக்கூட எடமில்லாத மைதானமாம்! அண்ணனே நின்னுட்டாரு பாருங்க!" வடக்கே போனவர்களில் சிலர் திரும்பித் தெற்கே நடக்க ஆரம்பித்தார்கள். நான்தானே இந்த மைதானம் வேண்டும் என்று ஆறு வாரமாகத் தெருத்தெருவாகப் பேசினேன்? என் வாயாலேயே அதைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. கேட்காமலும் இருக்க முடியாதே. நீ இல்லாதபோது உன் இடத்தை எடுத்துவிட்டார்கள், நான் சும்மா நின்றேன் என்று நாளைக்கு உன் முகத்தில் எப்படி முழிப்பது?

அப்போது அந்தப் பொறியாளர் அம்மா செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தைச் சுவரிலிருந்து கிழித்துக் கொண்டுவந்து, நடு வட்டத்தில் புல்மேல் விரித்து, மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல உடுப்பு, முழங்காலில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. "தப்பு என்னோடதுதான், நான் கேட்டிருக்கணும். என்ன வேணும், சொல்லுங்க" என்றார். இரண்டு மெஷின் என்றேன். சேறு பிடித்த காலுறைகளைக் கையால் தேய்க்க ஒரு தொட்டி. இருபத்திரண்டு ஜெர்சி ஒரே நேரத்தில் காய ஒரு கொடி. வெயில் வர ஒரு ஜன்னல். அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று பேனாவால் தேடினார். தேடித்தேடிப் பேனா சிறப்பு விருந்தினர் அறையில் போய் நின்றது.

தலைவர் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் வார்த்தை தெரியவில்லை. "விருந்தாளிங்க எங்கம்மா உக்காருவாங்க?" என்றார். அதற்குள் ஹாரன் தெற்கேயிருந்து வட்டத்துக்கே வந்துவிட்டான். "அந்த ரூம்ல உக்காந்த எந்த மகராசனாவது ஒரு மேட்ச்ச முழுசாப் பாத்திருக்கானா? வடையத் தின்னுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போயிடுவான். அக்கா ரூமை அங்க போடுங்க, நான் வடக்க வர்றேன்" என்றான். சொன்னபடியே ஹாரனை அழுத்திக்கொண்டு நடந்தான். அவன் பின்னால் அவன் கடைக்கு முடிவெட்ட வருகிற கூட்டம் முழுக்க நடந்தது. நானும் நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? இந்த முட்டியோடு ஓடினேன்.

ஓட்டெண்ண வந்திருந்த நடுவர் தலை எண்ணினார். பதினொரு பேர் வித்தியாசத்தில் வடக்குப் பக்கம் ஜெயித்தது. பதினொரு பேர், ஒரு டீம் அளவு! கட்டப்போகிறோம்! என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். மூக்குக் கண்ணாடி புல்லில் விழுந்தது, உடையவில்லை.

செவ்வாய்க்கிழமை

இன்று முடித்துவிடுவேன்.

உன் வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுக்கிறவர்தான் செய்கிறார். நல்ல மனுஷர். ஆனால் சிவப்புக் காலுறையையும் வெள்ளை ஜெர்சியையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். மூன்று வாரமாக நம் பையன்கள் ரோஸ் கலரில் ஆடுகிறார்கள். எதிரணிக்காரன் ஒருவன் முத்தம் கொடுப்பது போல் சத்தம் போட்டான். நம் கேப்டன் என்னிடம் வந்து, "அம்மாகிட்டக் கேட்டு இதுக்கு என்ன மருந்துன்னு சொல்லுங்க ஐயா" என்றான். மறக்காமல் சொல்.

மகள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பாப்பா உன் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். கொழுகொழுவென்று இருக்கிறாள், கண் பட்டுவிடும். அம்மா இங்கேயே இருந்தால் எனக்கு யானை பலம் என்று மகள் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு வடிக்கப் பழகிவிட்டேன். ஒரு டம்ளர் அரிசி போட வேண்டும் என்று தெரிந்தும் கை இரண்டு போட்டுவிடுகிறது. மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

இன்று காலையில் பொறியாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். உன் அறையைப் பெரிதாக வரைந்து எடுத்து வந்திருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முறுக்கிப் பிழிவது வலது கையா இடது கையா, மெஷின் எந்தப் பக்கம் இருந்தால் வசதி என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் ஆட்டம் முடிந்ததும் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு கோல் கதை பேசியிருக்கிறேன். உன் கையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

ஜன்னலும் மெஷினும் நீ எழுதி அனுப்பினால் போதுமாம். எவ்வளவு மெதுவாக ஆனாலும் நானே படித்து அவரிடம் சொல்லிவிடுவேன். தொட்டி விஷயம்தான் எழுத்தில் அடங்காதாம். உயரம் தப்பிப்போனால் இடுப்பு போய்விடும், வேலை செய்கிற ஆள் நின்று, கையைக் கீழே விட்டுக் காட்டினால்தான் அளக்க முடியும் என்கிறார். நான் நின்று காட்டினேன். "நீங்க ரொம்ப உயரம் ஐயா" என்று சொல்லிவிட்டார். தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறார். சுவர் எழும்ப நான்கு மாதம் ஆகும், அதுவரை அந்த இடம் அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை என்றார். நானும் அதையேதான் உனக்கு எழுதுகிறேன். அவசரமில்லை.

பாப்பாவும் மகளும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். உன் இடுப்பைப் பார்த்துக்கொள், பாப்பாவை ரொம்ப நேரம் தூக்கி வைத்திருக்காதே. இந்த வாரம் தாள் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் புது நோட்டு வாங்கி, அஸ்திவாரத்துக்கு எங்கே கோடு போட்டேன் என்பதை எழுதுகிறேன். முதல் கோடு என் கையால்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்