கடல் எந்த ஊர் வரைக்கும் வரும்?

தூத்துக்குடி
14.7.1997

சௌபாக்கியவதி கோமதிக்கு,

ஆசீர்வாதம். இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நாக்குக்குத்தான். மெஸ் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பதக்கமே கொடுக்கலாம். கஸ்டம்ஸில் பிரமோஷன் கொடுத்து இங்கே மாற்றியவர்கள் கூடவே ஒரு சமையல்காரரையும் கொடுத்திருக்கலாம்.

கடற்கரைப் பக்கம் மாடி வீடு பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, துர்கா பூஜா லீவுக்குள் டாக்குரியா வீட்டைக் காலி செய்துவிடு. எப்போது கிளம்புகிறாய்? ஏழாம் கிளாசுக்கு ஜியாகரபி சொல்லித்தர கல்கத்தாவில் வேறு ஆளே இல்லையா என்ன?

உன்
பட்டாபி


டாக்குரியா
28.7.1997

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். பருப்புப்பொடி பார்சலில் வருகிறது, மெஸ்காரரைத் திட்டாதீர்கள்.

இந்த வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்குகிறேன். பதில் எழுதுவதில் எல்லாரும் சூரர்கள். ஹூக்ளி ஆற்றைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொன்னால், புத்தகத்தில் விடையை அடிக்கோடிட்டு, அதன் வாலில் கேள்விக்குறியை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்! 'ஹூக்ளியின் கரையில் உள்ள பெரிய நகரம் எது?' என்று எழுதியிருக்கிறான் ரஞ்சன், அந்தக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பதில் முன்னாடியே தெரிஞ்சா அது கேள்வியே இல்லை. நேர்ல போய்ப் பாத்து, நாலு பேரை விசாரிச்சாத்தான் பதில் கிடைக்கணும்" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் கார்டன் ரீச் படித்துறைக்கு அழைத்துப் போகிறேன். ராஜினாமா விஷயம் அப்புறம் எழுதுகிறேன்.

கோமதி


டாக்குரியா
9.8.1997

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

படித்துறையில் பிள்ளைகள் ஒரே கூச்சல். ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் வேகம் குறைந்துகொண்டே வந்து, அவ்வளவு பெரிய ஆறு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதே கொத்துகள் வந்த வழியே, மேலே ஹௌரா பக்கமாகத் திரும்பி நகர ஆரம்பித்தன.

கிளாசில் வாயே திறக்காத ஸ்னேகா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், கடல்தானே உள்ள வருது? எந்த ஊர் வரைக்கும் வரும்? எந்தப் படித்துறையில போய் நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை! ஆறு கடலைத் தேடிப் போகும் என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். கடல் ஆற்றைத் தேடி ஊர் ஊராக ஏறி வருவதை நேற்றுதான் நின்று பார்த்தேன்.

இப்போது ஸ்ரீராம்பூர் மாமா, சந்தன்நகர் அத்தை என்று ஆற்றோர ஊர்களில் இருக்கும் பிள்ளைகளின் உறவுக்காரர் எல்லாருக்கும் போஸ்ட்கார்டு பறக்கிறது: உங்கள் படித்துறையில் தண்ணீர் திரும்புகிறதா, எத்தனை மணிக்கு? பதில்களைச் சேர்த்து வரைபடம் போட வருஷக் கடைசி ஆகிவிடும்.

எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டீர்கள். கிளம்புகிறாயா என்று கேட்கவில்லை. இந்த வருஷம் நான் கிளம்பவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

கோமதி


தூத்துக்குடி
6.9.1997

அன்புள்ள கோமதி,

கோபம்தான், மறைப்பானேன். இத்தனை நாள் பேனாவையே தொடவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி என்னைத் தூங்க விடமாட்டேன் என்கிறது. அங்கே கல்கத்தா ஆபீசில் ஜன்னலைத் திறந்தால் ஹூக்ளி. தண்ணீர் ஏறினால் கப்பல் உள்ளே வரும் என்று எனக்குத் தெரியும். கப்பலை விட்டுவிட்டு அந்தத் தண்ணீர் மேலே எங்கே போகிறது என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? நேற்று இங்கே கரையில் போய் நின்றேன். இந்த ஊர்க் கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மீன் வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மாடி வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூஜா லீவுக்கு நான் அங்கே வருகிறேன். ரயிலேறி ஒவ்வொரு ஊராக இறங்கிப் பார்ப்போம், கடல் எங்கே நிற்கிறது என்று. டிபன் கேரியர் தூக்க நான் இருக்கிறேன்.

தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, கோமதி. வருஷம் முடிந்ததும் வருவாயா? பதில் தெரியாமல்தான் கேட்கிறேன்.

பட்டாபி