வராத பேருந்தின் தாமதம்

தேனி,
9 மார்ச் 2025

அன்பு அனிதாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் கைபடும் நோயாளிகளையும் காப்பாராக. நானும் ஷெரினும் நலம். அவளுக்குக் கீழ்வரிசையில் இன்னொரு பல் விழுந்துவிட்டது. அம்மாவிடம் காட்ட வேண்டுமென்று மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். கம்பம் பக்கம் திராட்சை அறுப்பு தொடங்கிவிட்டது. வெயிலும்தான்.

எங்கள் துறை கிறிஸ்டோபர் சாரின் தங்கை வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் பத்து நிமிட இடைவேளைக்குள் போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பாதியில் நின்றால் தப்பாகப் போய்விடும்.

அமல் என் புள்ளியியல் வகுப்புக்கு வந்தபோது நீ சொன்னாய், "வீட்ல அவன் என் தம்பி, காலேஜ்ல உங்க மாணவன், ரெண்டையும் கலக்காதீக" என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த செமஸ்டரில் அவன் ஒரு தேர்வுக்கு வரவில்லை. இன்னொன்றில் பாதிக் கேள்வியைத் தொடவில்லை. அகமதிப்பெண் நாற்பதுக்குப் பதின்மூன்று. பதினாறு இல்லாவிட்டால் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. ஜூனில் கோயம்புத்தூர் கம்பெனியில் சேரச் சொல்லி அவனுக்கு வந்த கடிதமும் பயன்படாது.

அத்தை வீட்டுக்கே வந்தார்கள். "மூணு மார்க்குத்தான மாப்ள. பேனா உங்க கையிலதான இருக்கு" என்றார்கள். முடியாது என்றேன். அமல் கேட்டதுதான் குத்தியது. "போன செமஸ்டர்ல வேல்விழிக்கு மட்டும் தனியா அசைன்மெண்ட் குடுத்து ரெண்டு மார்க் போட்டீகளே மச்சான். அது எப்படி?" என்று கேட்டான்.

வேல்விழி வருசநாட்டுப் பெண். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருகிறாள். நன்றாகப் படிப்பாள். வருகைப்பதிவுக்கான ஐந்து மார்க்கில் ஒன்றுகூடக் கிடைக்காமல் நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் பத்துப் பக்கம் எழுதி வரச் சொல்லி மார்க் போட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்திருந்தேன். அமல் கேட்ட பிறகுதான், அன்று வகுப்பில் வேறு யார் தவித்தார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் வகுப்பில் அதை ஒத்துக்கொண்டேன். வேல்விழியின் பேரைச் சொல்லவில்லை. அவள் தானே எழுந்து, "நான்தான் சார் அது" என்றாள். நாற்பத்தெட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு கூடுதல் வேலை கொடுத்தேன். ஊரில் எதையாவது பன்னிரண்டு நாள் அளந்து கணக்கிட்டு எழுத வேண்டும். ஐந்து மார்க். தகவல் சேகரித்ததற்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு, சரியான கணக்கிலிருந்து வரும் முடிவுக்கு ஒன்று என்று பலகையிலேயே எழுதினேன். திருத்துவது கிறிஸ்டோபர் சார். தாளில் பேர் இருக்காது, எண் மட்டும்தான்.

அனிதா, உன் தம்பி அந்தப் பன்னிரண்டு நாளும் காலை எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை வழியாக ஒன்பது மணிக்கு வர வேண்டிய பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்தான். வழியில் பாலம் வேலை நடக்கிறது. கல்லூரியில் ஒன்பதேகாலுக்குப் பிறகு வந்தால் அரை நாள் ஆப்சென்ட். காலையில் அந்த ஒரே பஸ்ஸை நம்பி வரும் பதினொரு பேரும் எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் வருகை மார்க் வாங்க முடியாது என்று எழுதியிருந்தான். சராசரித் தாமதம் இருபத்திரண்டு நிமிடம்.

அதில்தான் சறுக்கினான். இரண்டு நாள் பஸ் வரவே இல்லை. அந்த இரண்டு நாளுக்கும் தாமதம் பூஜ்யம் என்று போட்டுப் பன்னிரண்டால் வகுத்துவிட்டான். வந்த பத்து நாளுக்குப் பார்த்தால் இருபத்தாறைத் தாண்டும். கணக்குக்கு இரண்டும் போச்சு, முடிவுக்கு ஒன்றும் போச்சு. கிடைத்தது இரண்டு. மொத்தம் பதினைந்து.

உன்னிடம் மறைக்கக் கூடாது. நான் கிறிஸ்டோபர் சாரிடம் போனேன். அந்த எண்ணுக்கு முடிவுக்காவது ஒரு மார்க் போட முடியுமா என்று கேட்டேன். யாருடைய தாள் என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். "பேரை மறைச்சுக் குடுத்ததே நீங்கதான சார்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்க வெட்கமாக இருந்தது. குடித்துவிட்டு, பதினைந்து என்றே பதிவேட்டில் ஏற்றினேன்.

அன்றைக்குத்தான் நீ, "ஒரு மார்க்குக்கா என் தம்பியை நிறுத்துனீக?" என்று செய்தி அனுப்பினாய். அதற்கு அப்புறம் ஷெரினிடம் மட்டும் பேசுகிறாய். அத்தையும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் வேறு வரிசையில் உட்காருகிறார்கள். கோபம் நியாயம்தான். அவன் ஆறு மாதம் பின்தங்குகிறான் என்பது எனக்கும் வலிக்கிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வேல்விழி அமலின் அட்டவணையைக் கேட்டு வாங்கினாள். இரண்டு பேரும் நூலகத்தில் உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்து, அந்தப் பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்கி முதல்வரிடம் போனார்கள். முதல்வர் முதலில் நம்பவில்லை. தானே மூன்று நாள் காலையில் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம், பாலம் வேலை முடியும்வரை அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கு பத்து மணி வரை வருகை உண்டு என்று உத்தரவு போட்டார். பறிபோன வருகை மார்க்கையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதனால் மூன்று பேர் பதினாறைத் தொட்டுவிட்டார்கள். அமல் நம் வீட்டிலிருந்து நடந்து வருகிறவன். அவனுக்கு அதில் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவன் என்ன செய்வானோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஷெரினோடு கேரம் விளையாடிக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும், "மச்சான், ஜூன்லருந்து ஜூனியர் பயலுகளோட உக்காந்து படிச்சு எழுதிக்கிறேன். அவிங்களுக்கு வராத பஸ்ஸ எப்படிக் கணக்குல எடுக்கணும்னு நானே சொல்லித் தாரேன்" என்றான். சிரிப்பு முழுதாக வரவில்லை. ஆனாலும் வந்தது. கம்பெனிக்காரர்கள் நவம்பரில் மறுபடி ஆள் எடுப்பார்களாம். அவனே எழுதிக் கேட்டிருக்கிறான்.

அவனுக்கு அந்த ஒரு மார்க்கைப் போட்டிருந்தால் எனக்கு வந்திருக்கும் நிம்மதி வேறு. இப்போது அவனைப் பார்க்கிறபோது வருவது வேறு. இதை உன் அம்மாவிடம் நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் கேட்பார்கள்.

இனி எல்லா செமஸ்டரிலும் கூடுதல் வேலை உண்டு, முதல் வாரத்திலேயே, எல்லாருக்கும். கிறிஸ்டோபர் சாரும் தன் வகுப்பில் அப்படியே செய்யப் போகிறாராம்.

அக்கா தலைகுனிந்திருப்பாள் என்று நினைத்து அமல் உனக்குப் போன் பண்ணத் தயங்குகிறான். நீயே கூப்பிடு. மார்க்கைக் கேட்காதே. பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று கேள். அவன் சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும், விடுமுறை நாளாகப் பார்த்துக் கூப்பிடு. பேசி முடித்த பிறகும் உனக்கு நேரம் இருந்தால், போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

தண்ணீர் நிறையக் குடி. மாதா உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன்,
ஜான் பீட்டர்