மசாலா அட்டையின் பின்பக்கம்

மலரின் பள்ளிப் பையைத் திறந்தால் மிளகாய்த்தூள் வாடை அடிக்கிறது. ஒன்றாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்துக்குள் பக்க அடையாளத்துக்காக ஒரு பழைய மசாலாப் பெட்டி அட்டையை வைத்திருக்கிறாள். "தூக்கிப் போடு, புத்தகமெல்லாம் நாறுது" என்றேன். "அது ஆண்ட்டியோடதும்மா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ஆண்ட்டி நீதான். பாசிர் கூடாங் அடுக்குமாடியில் நாம் எதிரெதிர் வீடு. எனக்குக் காலை ஷிஃப்ட், உனக்கு மாலை ஷிஃப்ட், வேறு வேறு தொழிற்சாலை. நீ மலரைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சோறு போட்டு வைத்திருப்பாய். என் கம்பெனி பஸ் வந்த பிறகு உன் பஸ் வர அரை மணி நேரம் இருக்கும். நம் நட்பு முழுக்க அந்த அரை மணி நேரத்துக்குள்தான்.

அந்த வருஷம் பாலர் பள்ளி ஆசிரியை, "இது கொஞ்சம் மந்தம்" என்றார், மலர் காதுபடவே. ஒன்றாம் ஆண்டுக்குப் போகும்போதே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். அப்புறம் ஒன்றாம் ஆண்டு எதற்கு? டியூஷனுக்கு அனுப்ப முடிந்த வீட்டுப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் பெற்றது மந்தம். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை நான் யார்மேல் காட்டினேன் என்று உனக்குத் தெரியும்.

சுவரில் எழுத்து அட்டவணை ஒட்டி, தினமும் ஒப்பிக்க வைத்தேன். மலர் கண்ணை மூடிக்கொண்டே 'அ'விலிருந்து கடகடவென்று சொல்வாள். ஒருநாள் நடுவில் 'உ'வைத் தொட்டுக் கேட்டேன். அவள் வாய்க்குள் 'அ, ஆ, இ' என்று முணுமுணுத்து எண்ணிக்கொண்டே வந்தாள். ஓர் எழுத்தைக்கூட அவளுக்குத் தனியாக அடையாளம் தெரியவில்லை. ரூலரை எடுத்து அடித்தேன். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீ என் கையிலிருந்து ரூலரைப் பிடுங்கினாய். "புள்ள பாட்டுப் பாடுதுடி. பாடுனா அடிப்பியா? பைத்தியமா உனக்கு?"

"மலாய் ஸ்கூல்ல படிச்சவ நீ. தமிழ்ல உன் பேர எழுதத் தெரியுமா? நீ எனக்குச் சொல்லித் தர வந்துட்ட."

நீ ரூலரோடு போய்விட்டாய்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, அந்த ரூலரை வைத்து ஒரு மசாலாப் பெட்டியை நேராகக் கிழித்துக்கொண்டிருந்தாய். மலர் உன் மடியில்.

"ஆண்ட்டிக்குத் தெரியலம்மா, நீ சொல்லு. உன் பேருல மொத எழுத்து இதுல எங்க இருக்கு?"

"இந்தா, 'ம'!"

"நெசமாவா? ஏமாத்தாத லா."

"நெசமா ஆண்ட்டி! இதோ, 'ல'வும் இருக்கு. ஆனா அதுக்குக் கால் மொளச்சிருச்சு."

"அலமாக்! கால் வந்துருச்சா? எங்க ஓடுது, சிங்கப்பூருக்கா?"

மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். எழுத்தைப் பார்த்து என் மகள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பேர் எழுதத்தான் வராது, எழுத்துகூடவா தெரியாது, மலருக்காக நீ நடிக்கிறாய் என்றே நினைத்தேன். சில வாரம் கழித்து, கோயில் திருவிழா நோட்டீஸை விரித்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தி நீ திக்கித் திணறி வாசித்துக்கொண்டிருந்தாய். ஓரிடத்தில் நின்றுபோனாய். மலர் உன் முதுகைத் தட்டி, "பரவால்ல ஆண்ட்டி, மறுபடி பாருங்க" என்றாள். அது அப்படியே உன் குரல். ஒரு தடவைகூட நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

நீ நடிக்கவில்லை. உனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கூச்சமில்லாமல் கேட்டாய். அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கீழே உன் பஸ் ஹாரன் அடித்தது. நீ ஓடினாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல். "எம்.சி. லீவு போட்டா இந்த மாச அலவன்ஸ் போயிரும்டி" என்று மூன்று நாள் வேலைக்குப் போனாய். நான்காம் நாள் மருத்துவமனையில் டிங்கி, கொசுக் காய்ச்சல் என்றார்கள். நீ திரும்பி வரவில்லை. உன் சூப்பர்வைசர் மாலையோடு வந்து, "ஒரு நாள் லீவு எடுக்காத ஆளு" என்று பெருமையாகச் சொன்னார். அந்த மாலையை அவர் முகத்தில் எறியாமல் இருந்ததற்கு மலர் என் கையைப் பிடித்திருந்தது மட்டும்தான் காரணம்.

அவள் இப்போது வாசிக்கிறாள். கடைப் பலகை, மருந்துப் புட்டி, எது கிடைத்தாலும் விடுவதில்லை. மந்தமாம்!

நேற்று அவள் தூங்கிய பிறகு அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் உன் பெயர். கோணல் மாணலாக, ஒரு சுழி கூடுதலாக, ஆனால் முழுசாக. பக்கத்தில் மலர் சிவப்புக் கலரில் பெரிதாக 'சரி' போட்டிருக்கிறாள். நான் குத்திக்காட்டியதற்கு நீ எழுதி வைத்த பதிலா அது? இல்லை, என்னை நினைக்காமலே எழுதியதா? இரண்டாவதாக இருக்கட்டும்.

சாயங்காலம் மலர் புத்தகத்தோடு என் மடிக்கு வருகிறாள். அவள் ஓர் எழுத்தில் தடுக்கி நிற்கும்போது என் நாக்கு துடிக்கிறது. அடக்கிக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியலம்மா, நீ சொல்லு" என்கிறேன்.

நீ சொன்னபோது அது உண்மை. நான் சொல்வது பொய். ஆனாலும் தினமும் சொல்கிறேன். அவள் சொல்லித் தருகிறாள்.