பாப்பா பல்லில் ஏறிய பழுப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். எங்ககிட்ட விட்டுட்டுப் போன உன் பாப்பாவும் இப்போ நல்லாத்தான் இருக்கா, இதை முதல்லயே சொல்லிடுறேன், மீதியைப் படிச்சுட்டுப் பதறாதே. போன்ல சொல்ல வாய் வரலை.

நீ கிளம்புறதுக்கு முன்னாடி அவளோட சொத்தை விழுந்த முன்பல் ரெண்டையும் பல் நிறத்துலயே அடைக்க வெச்சுட்டுப் போனியே, போன மாசம் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன், அடைச்ச இடம் மட்டும் பழுப்பா நிக்குது. சொத்தை உள்ளே இறங்கிடுச்சுன்னே நினைச்சேன். உன் அம்மாகிட்டகூடச் சொல்லாம தினமும் அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன், ஒருநாள் ஈறுல ரத்தம் வந்துடுச்சு. கறை போகலை. அப்புறம் பார்த்தா ரத்தம் கம்மின்னு ரெண்டு மாசமா கொடுக்கிற டானிக் கரண்டியிலயும் அதே பழுப்பு. அந்த வாரம்தான் நெஞ்சுச் சளிக்குன்னு டாக்டரம்மா ஆரஞ்சு கலர்ல இன்னொரு சிரப்பும் எழுதியிருந்தாங்க. பல்லையே இப்படி ஆக்குற மருந்து குடலை என்ன பண்ணும்னு பயந்து, நானா ரெண்டையும் நிறுத்திட்டேன். கொடுத்துட்டேன்னு உன் அம்மாகிட்டப் பொய் சொன்னேன்.

மூணாம் நாள் மத்தியானம் தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கேன், துணிக்கட்டு மேல படுத்திருந்த பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. விலா எலும்பு ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல உள்ளே போய் வருது. உடம்பு அனலாக் கொதிக்குது. கடையைப் பூட்டக்கூட இல்லை, அப்படியே தூக்கிட்டு ஓடினேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. டாக்டரம்மா சத்தம் போடலை, பாதியில நிறுத்தினா சளி இன்னும் பலமாத் திரும்பும், சந்தேகம்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே தாத்தான்னு மட்டும் சொன்னாங்க. அவங்க திட்டியிருந்தாத் தேவலை.

அவங்களேதான் பல் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவர் விளக்கை அடிச்சுப் பார்த்துட்டு, பல் கெடலை, அடைச்ச பொருள்தான் மருந்தோட நிறத்தைக் குடிச்சிருக்குன்னார். இரும்புச்சத்து டானிக், கலர் சிரப்பெல்லாம் இப்படிப் பண்ணுமாம், மருந்துல இருக்கிற புளிப்பு மேல்பக்கத்தைச் சொரசொரப்பாக்கினா கறை இன்னும் ஒட்டுமாம். மருந்தை நிறுத்தாதீங்க, கொடுத்ததும் தண்ணி ஊத்திக் கொப்பளிக்க வைங்க, உடம்பு தேறினதும் மெருகு போட்டுப் பார்ப்போம், போகலைன்னா மாத்தி அடைச்சுக்கலாம்னார். இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

நான் சொன்ன பொய் தெரிஞ்சு உன் அம்மா நாலு நாளா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. மருந்தை இப்போ அவளே ஊத்துறா, நான் தண்ணி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பிள்ளை தூங்கினா இன்னும் பக்கத்துல போய் விலாவைப் பார்த்துட்டுத்தான் ஊசியில நூல் கோக்கிறேன்.

கடவுள் உன்னையும் பாப்பாவையும் காப்பாத்தட்டும். ஒண்ணு மறந்துடாதே, அடுத்த தடவை போன்ல அவ சிரிச்சா பல்லைப் பார்த்து முகம் மாறிடாதே, அவளுக்கு வெட்கம். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு, பேசாம மட்டும் இருந்துடாதேம்மா.

இப்படிக்கு,
பயந்து புத்தி கெட்ட உன் அப்பா