பாதை வளைகிற இடம்

எண்ணூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சினேகா அப்பாவுக்கு,

மோகனப்ரியா எழுதுவது. நானும் சினேகாவும் நலம். கையில் மீன் முள் ஏறிய இடம் ஆறிவிட்டதா? டில்லிபாபு செவ்வாய்க்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். அவரிடம்தான் இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். இந்த லீவுக்கும் வரவில்லை என்று அவரிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் மூத்த பிள்ளையைப் பற்றி நான் பேச வாயெடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாருங்கள். அவனுக்காக உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படியுங்கள்.

முகத்துவாரத்து அலையாத்திக் காட்டுக்குள் நடைபாதை போட்டுப் பூங்கா திறந்திருக்கிறார்கள். போன வாரம் சினேகாவின் பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனார்கள். பெற்றவர்களும் வரலாம் என்றார்கள், நானும் கிளம்பினேன். அந்தப் பக்கம் போகாதே என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷம் போகாமல்தான் இருந்தேன். பிள்ளையை ஒண்டியாய் அனுப்ப மனசு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய்தான். பார்க்க வேண்டும்போல் இருந்தது, போனேன்.

நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். வாசலில் பெரிய பலகை. அதில் நம் குப்பத்தைப் பற்றியும் இருளர் ஜனங்களைப் பற்றியும் படத்தோடு எழுதியிருக்கிறது. அவர்கள் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பது, நாம் முறை வைத்து வலை போடுவது எல்லாம் இருக்கிறது. சினேகா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நம்மளயெல்லாம் எதுக்கும்மா போர்டுல போட்டுக்கினு கீறாங்க என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. உள்ளே மரப்பலகைப் பாதை, இரண்டு பக்கமும் சேறு, நண்டு, கொக்கு. தலை நிமிர்ந்தால் புகைபோக்கிகள். ஆற்றில் எண்ணெய் கலந்து வந்த வருஷத்துக் கறை சில மரங்களின் அடியில் இன்னும் போகவில்லை.

பாதை முடிகிற இடத்தில்தான் நம் கண்டல் மரம் நிற்கிறது. பிச்சாவரத்திலிருந்து லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தீர்களே, முருங்கைக்காய் மாதிரி நீள விதை, அதேதான். அவனைப் புதைத்த மறுநாள், கால்மாட்டில், தண்ணீர் தொடுகிற இடத்தில் ஊன்றிவிட்டு வந்தீர்கள். இப்போது என்னைவிட உயரம். வேர்கள் நாலா பக்கமும் சேற்றில் இறங்கி நிற்கின்றன. பூங்காவில் வேலை செய்கிற மெர்லின் என்ற பெண் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இந்த ஜாதி மரம் இந்தக் கரையில் இது ஒன்றுதான், கடல் எங்கிருந்தோ விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மரத்துக்குப் பின்னால் பறவை பார்க்க மேடை கட்டப்போகிறோம் என்றாள். மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம், ஒட்டியிருக்கும் மேட்டில்தான் தூண் இறக்குவார்களாம். அவன் படுத்திருக்கிற மேட்டில்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனதும் அவள் கையைப் பிடித்தேன். "அங்க என் புள்ள கீறாம்மா. தூண் வெக்காதீங்க" என்றேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டிக்கொள்ளுங்கள். அந்த நிமிஷம் மறுபடி வந்தாலும் சொல்லத்தான் செய்வேன்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்து ஊர்க் கூட்டத்துக்கே வந்து விசாரித்தாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். உங்கள் அக்கா கோவிந்தம்மாதான் எழுந்தார். இத்தனை வருஷமாக என்னிடம்கூட இதைப் பற்றிப் பேசாதவர், என் தம்பி மண் தள்ளும்போது நான் பக்கத்தில் நின்றேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்புறம் நடந்ததெல்லாம் நல்லதுதான். மேடை வேறு இடத்துக்குப் போகிறது. இனி நீட்டப்போகிற பாதையும் மேட்டைத் தொடாமல் வளைந்து போகும்.

போகும்போது மெர்லின், அங்கே சின்னதாக ஒரு கல் வைக்கலாம், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். நான் விழித்தேன். பெற்றவளுக்குப் பெயர் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

தொட்டிலில் போட இருந்த அன்று விடியும் முன்பே போய்விட்டான். பெயரைத் தேடி வைத்திருந்தது நீங்கள்தான். நான் எவ்வளவோ கெஞ்சினேன். "பேரு ரெடியா கீது. மொதல்ல அவன் காதுல சொல்வேன், அப்பால தான் உனக்கு" என்று சிரித்தீர்கள். அதன் பிறகு நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருஷமே அக்கரைக்குப் போய்விட்டீர்கள். சினேகாவுக்குத் தொட்டில் போட்டபோதும் நீங்கள் வரவில்லை. பெயரை நானே அவள் காதில் சொன்னேன். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கல் வேண்டாம் என்று மெர்லினிடம் சொல்லிவிட்டேன். வருகிறவர் போகிறவர் படித்துவிட்டுப் போட்டோ எடுக்க அவன் பெயர் வேண்டியதில்லை. எனக்குத்தான் வேண்டும். அன்றைக்கு அந்தக் கம்பியைப் பிடித்து நின்றபோது அவனைக் கூப்பிட வாய் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? பாப்பா என்றேன். இருந்திருந்தால் இன்றைக்குத் தங்கச்சியைக் கை பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற வயசு. அவனைப் போய் இன்னும் பாப்பா என்றா கூப்பிடுவது?

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் ஏறுகிற படகையும் கூட வருகிறவர்களையும் நம் அம்மன் காக்கட்டும்.

பெயரை டில்லிபாபுவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுதியும் அனுப்ப வேண்டாம். இந்த லீவுக்கு வாருங்கள். முதலில் அவனிடம் போய்ச் சொல்லுங்கள். நான் பாதையிலேயே நின்றுகொள்கிறேன். அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளின் அம்மா,
மோகனப்ரியா